சென்னைக்கு 50 நிமிடமா, ஒன்றேகால் மணி நேரமா?

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். அம்மாவைக் கண் சிகிச்சைக்குச் சென்னை கூட்டிப் போகவேண்டும். கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சென்னை 650 கிலோமீற்றர், 50 நிமிடம் என்று இணையத்தில் காட்டுகிறது. டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து 360 கிலோமீற்றர்தான், ஆனால் அதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம். எதை நம்பி டிக்கெட் எடுப்பது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். இணையக் கணக்கு இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோடு போட்டு, ஜெட் வேகத்தால் வகுத்துச் சொல்வது. பிளேன் வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து சென்னையில் போய் நிற்கும்வரை உள்ள நேரம்தான் டிக்கெட்டில் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

பலாலிக்கு வருவது விசிறி வைத்த ஏடிஆர் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு, ஜெட் 800ஐத் தாண்டும். தூரத்தில் மிஞ்சுவது வேகத்தில் போய்விடுகிறது. (திருகோணமலையிலேயே உள்ள சீனக்குடா விமான நிலையத்திலிருந்து நேரே பறந்தால் 500 கிலோமீற்றர் சொச்சம்தான். நேரடிச் சேவை இல்லையே என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.)

ஆகவே வானத்தில் போகும் நேரத்தை விடுங்கள், தரையில் போவதைப் பாருங்கள். வவுனியா வழியாகப் பலாலிக்கு வாகனத்தில் ஐந்து மணி நேரம் வையுங்கள். கட்டுநாயக்காவுக்கு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் கடந்து ஆறு மணி நேரம். வயதான அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிசு. வரிசையும் பலாலியில் சிறிது. அம்மாவோடு என்றால் நான் பலாலியைத்தான் எடுப்பேன். ஆனால் அங்கே சேவைகள் குறைவு. ஒன்று ரத்தானால் அடுத்த நாள்வரை காத்திருக்க நேரலாம். வைத்தியரைச் சந்திக்கும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

பொதி எத்தனை கிலோ என்பதைப் பணம் கட்டுமுன் பாருங்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் தராசடியில் குந்தியிருந்து பெட்டியைத் திறந்து, பனங்கட்டிக் குட்டானையும் கருவாட்டுப் பொட்டலத்தையும் ஒவ்வொன்றாக வெளியே வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சென்னையில் இருக்கும் மகளுக்குக் கட்டிக்கொண்டு வந்தவை. கூடுதல் கிலோவுக்குக் கேட்ட காசு அந்தச் சாமான்களின் விலையைவிட அதிகம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் அதையும் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

மலிவு என்று போகவர இரண்டுக்கும் சேர்த்து, திகதி மாற்ற முடியாத டிக்கெட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். விழித்திரை அறுவைச் சிகிச்சைகள் சிலவற்றில் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள். அது கரையுமுன் பிளேன் ஏறினால் மேலே காற்றழுத்தம் குறைய வாயு விரிந்து கண்ணையே பாதிக்கும். கரைய வாரக்கணக்கில் ஆகலாம். அம்மாவுக்கு என்ன சிகிச்சை, எப்போது பறக்கலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகு திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள். இப்போதே போட்டாகவேண்டும் என்றால், திகதி மாற்றக்கூடியதாக, கொஞ்சம் கூடக் கொடுத்தேனும் எடுங்கள்.