பாஸ் வாசிப்பவர் அவசரப்படுகிறாரா?

வணக்கம்.

நானே பாட்டு எழுதி, கிதார் வாசித்துக்கொண்டே பாடுபவன். இதுவரை தனியாகத்தான் மேடையேறினேன். இப்போது பாஸ் கிதார், டிரம்ஸ், கீபோர்டு என்று மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். டிரம்மர் சட்டென்று பிடித்துக்கொள்கிறார். பாஸ் வாசிப்பவர்தான் சரணம் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அரை பார் (நான்கு பீட் கொண்ட தாளச் சுற்றில் பாதி) முன்னாலேயே கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை) மாற்றிவிடுகிறார். கேட்டால் ‘நீங்கள்தான் லேட்’ என்கிறார். ஆளை மாற்றிவிடலாமா? காதில் சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் கிளிக் டிராக் வைத்தால் சரியாகுமா? இன்னொன்று, ஒரு பாட்டுக்கு அவராகவே ஒரு பாஸ் வரி போட்டார். பிரமாதமாக அமைந்துவிட்டது. அதற்குப் பங்கு கேட்பாரோ என்று யோசனையாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

தனியாகப் பாடிப் பழகியவர்கள் குழுவோடு சேரும்போது எங்கே இடறுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தில் அது அப்படியே இருக்கிறது. கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் குழுவில் ஒழுங்காக எண்ணிக்கொண்டிருப்பவர் அந்த பாஸ் வாசிப்பவர்தான்.

பல்லவி முடிந்ததும் நீங்கள் மூச்சு வாங்குகிறீர்கள். கடைசி கார்டை இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் சரணத்துக்குப் போகிறீர்கள். நான்கு பீட் இருக்கவேண்டிய பார் ஆறாகிவிட்டது. தனியாகப் பாடும்போது இது அழகுதான், கேட்பவருக்கும் தெரியாது. ஆனால் பாஸ் வாசிப்பவர் நான்கு எண்ணி முடித்துச் சரணத்தின் கார்டுக்குப் போய்விடுவார். உங்களுக்கோ இன்னும் இரண்டு பீட் பாக்கி. நீங்கள் சொல்லும் ‘அரை பார்’ அதுதான்.

டிரம்மர் மட்டும் எப்படித் தப்பித்தார்? ‘டக்’ என்று ஒலிக்கும் ஸ்நேர் டிரம் பாரின் 2ஆம் பீட்டிலும் 4ஆம் பீட்டிலும் விழுகிறது. இரண்டு பீட் கூடினால் அவருடைய 3 உங்களுடைய 1 ஆகிறது. ஸ்நேர் அப்போதும் உங்கள் 2இலும் 4இலும்தான் விழும், காதை உறுத்தாது. ஒரே ஒரு பீட் கூடியிருந்தால் ஸ்நேர் 1க்கும் 3க்கும் புரண்டு, அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். கூடியது இரண்டு என்பதால் பழி முழுக்க பாஸ்காரர் தலையில். பாவம் மனுஷன்.

கிளிக் உதவாது. அது வேகத்தைக் காக்கும், பாரைக் காக்காது. ஆறு பீட் பாரைக் கிளிக்கோடு பிசகாமல் வாசிக்கலாம்.

குழு இல்லாத நேரத்தில், வழக்கம்போலப் பாடி ஃபோனில் பதியுங்கள். பாடும்போது எண்ணாதீர்கள், எண்ணினால் ஜாக்கிரதையாகிவிடுவீர்கள். பிறகு கேட்டுக்கொண்டே எண்ணி, காகிதத்தில் வரிக்கு நான்கு பாராக எழுதுங்கள். வரியில் அடங்காமல் பிதுங்கும் இடங்கள் தானாகத் தெரியும். அந்த இரண்டு பீட் பாட்டுக்குத் தேவையா, உங்கள் மூச்சுக்குத் தேவைப்பட்டதா? பாட்டுக்கு என்றால் அதைத் தனியாக ஒரு 2/4 பாராக, அதாவது இரண்டே பீட் உள்ள பாராக, எழுதிவிடுங்கள். நால்வரும் சேர்ந்து காத்திருந்தால் கேட்க நன்றாகவே இருக்கும். மூச்சுக்கு என்றால், முந்தைய வரியின் கடைசி அசையைச் சீக்கிரம் விட்டு அங்கே மூச்செடுங்கள். ‘அது அன்றைய மூடைப் பொறுத்தது’ என்று ஒரு பதில் வைத்திருப்பீர்கள். தெரியும். உங்கள் மூடை ஊகிப்பது மூன்று பேரின் வேலையில்லை. அப்படித்தான் வேண்டுமென்றால் கடைசி கார்டில் எல்லாரும் நிற்பது, உங்கள் கிதாரின் கழுத்து இறங்கும்போது அடுத்த 1 என்று ஒரு சைகை வையுங்கள். எல்லாக் காகிதத்திலும் அந்த இடத்தைக் குறித்துவிடுங்கள்.

கார்டுகளைப் பெயராக எழுதாமல் எண்ணாக எழுதுங்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஸ்டூடியோக்களில் பாடகர் நீல் மேத்யூஸ் ஜூனியர் தொடங்கிவைத்த முறை. கீயின், அதாவது பாட்டின் சுருதியின், முதல் கார்டு 1, நான்காவது 4, ஐந்தாவது 5. கிதாரின் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) போட்டு ஜி வடிவம் பிடித்தால் ஒலிப்பது ஏ. நீங்கள் ‘ஜி, சி, டி’ என்று அனுப்பினால் கீபோர்டு ஒரு கட்டை கீழே நின்று இடிக்கும். எண்ணாக எழுதி, மேலே ‘கீ: ஏ’ என்று போட்டால் அந்த வம்பே இல்லை. தொண்டை சரியில்லாத நாளில் அரைக் கட்டை இறக்கினால் மேலே கீயை மட்டும் மாற்றினால் போதும். உங்கள் கட்டைவிரலும் கொஞ்சம் ஓயட்டும். பாஸ் இருக்கும்போது கிதாரின் தடித்த இரண்டு தந்திகளையும் அதட்டிக்கொண்டிருந்தால் கீழ்ஸ்தாயி ஒலி குழம்பிவிடும்.

பங்கு கேட்பாரோ என்று பயப்படுகிறீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பிரமாதம் என்று நீங்களே சொல்கிறீர்கள். பாட்டின் ஆக்கத்தில் பங்கு, ஒலிப்பதிவில் பங்கு, வாசித்ததற்குச் சம்பளம், மூன்றும் வேறு வேறு. பதிவுக்கு முன்பே நீங்களாகப் பேச்சை எடுத்து, விழுக்காட்டை எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். புரோகோல் ஹாரம் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் மேத்யூ ஃபிஷர் 1967இல் வாசித்த ஓர் ஆர்கன் பகுதிக்காக வழக்காடி, அந்த இசையின் உரிமையில் 40 விழுக்காட்டை 2009இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபைத் தீர்ப்பு வரை போய் நிலைநாட்டினார். 42 ஆண்டு கழித்து.

ஆளை மாற்றுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள், இல்லையா? முதலில் அவரிடம் காகிதத்தைக் கொடுங்கள். அடுத்த ஒத்திகையின் முதல் அரைமணி பாஸும் டிரம்ஸும் மட்டும் வாசிக்கட்டும். நீங்கள் கிதாரைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பாடுங்கள். எங்கெங்கே தடுமாறுகிறீர்களோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள், அவரையே.