அப்பச்சி பொய் சொல்லவில்லை, கண்ணாடிக் கிளாஸ்தான் ஏமாற்றுகிறது

தம்பி, ‘தினம் இரண்டே ஸ்மால் என்கிறார் அப்பச்சி, ஆனால் 750 மில்லி பாட்டில் எட்டு நாளில் தீர்ந்துவிடுகிறது’ என்று எழுதியிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 முறை ஊற்றினால் ஒரு முறைக்கு ஏறத்தாழ 47 மில்லி. ஸ்மால் என்பது 30 மில்லிதான்.

காரணம், ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்ததாகச் சொன்ன அந்த அகலக் கிளாஸ். நம் கண் உயரத்தைப் பார்க்கும், அகலத்தைக் கணக்கில் எடுக்காது. குட்டையான கிளாஸில் அளவாக ஊற்றினாலும் அடியில் கிடப்பதுபோலத் தெரியும். கை இன்னும் கொஞ்சம் சாய்த்துவிடும். காரைக்குடியில் எங்கள் வீட்டிலும் இதே கதை. எங்கள் அப்பச்சியையே தண்ணீர் ஊற்றச் சொல்லி, மருந்து மூடியால் அளந்து காட்டினோம். அப்புறம்தான் நம்பினார்.

வடிவம் வேகத்தையும் மாற்றும். 2012இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 160 பேரிடம் சோதித்தார்கள். நேரான கிளாஸில் பீரை முடிக்க சுமார் 11 நிமிடம், வளைந்த கிளாஸில் 7 நிமிடம். வளைந்ததில் பாதி எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

ஒடுக்கமான, நேரான, உயரக் கிளாஸ் ஒன்று வாங்குங்கள். கூடவே 30 மில்லி அளவுக் குவளையும். பழைய கிளாஸை மட்டும் ஒளித்துவைக்காதீர்கள், அவர் மனம் நொந்துபோகும். அதில் மோர் கொடுங்கள்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அந்த 47 மில்லிக் கணக்கை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.