பணிக்காயத்துக்கு ‘ஃபிட்’ எழுதிவிட்டால் இழப்பீடு போய்விடுமா?

அம்பத்தூரில் ஒரு சிறு ஆலையில் ஒப்பந்ததாரர் மூலம் பவர் பிரஸ் எனப்படும் தகடு அழுத்தும் இயந்திரத்தை ஓட்டும் தொழிலாளியின் மனைவி எழுதியிருக்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன் கணவரின் வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனிக்கணுவோடு துண்டாகிவிட்டன. தனியார் மருத்துவமனையில் சேர்த்த மேற்பார்வையாளர், வீட்டில் அடிபட்டதாகச் சொல்லும்படி கூறிவிட்டு, பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். பாதுகாப்புக்காக இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பொத்தான்களில் ஒன்றைக் கட்டி வைத்து ஓட்டியது கணவரின் குற்றம் என்பதால் வேறு எதுவும் கிடைக்காது என்றும் சொல்லியிருக்கிறார். இப்போது இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் மருந்தகத்தில் ‘ஃபிட்’ சான்று தரப்போகிறார்கள். அதை வாங்கினால் எல்லாம் போய்விடும், இருபதாயிரம் கொடுத்தால் நாற்பது சதவீத ஊனம் என்று எழுதி வாங்கித் தருகிறேன் என்று வாசலில் தரகர் ஒருவர் சொல்கிறார். டி.டி.பி., மெடிக்கல் போர்டு என்பவை என்னவென்று புரியவில்லை என்கிறார்.

அம்மா, முதலில் அந்த இருபதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். ‘ஃபிட்’ சான்று என்பது, காயம் ஆறிவிட்டது, இனி விடுப்புச் சான்று தேவையில்லை என்று மருத்துவர் எழுதித் தருவது மட்டுமே. கையில் ஊனம் எதுவும் இல்லை என்பது அதன் பொருள் அல்ல. தற்காலிக ஊனத்துக்கான தொகை அன்றோடு நிற்கும். நிரந்தர ஊனத்துக்கான கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஆகவே அந்தச் சான்றை வாங்காமல் இழுத்தடிக்கச் சொல்பவர் உங்கள் நாளைத்தான் வீணாக்குகிறார்.

உங்களைப் பாதிக்கப்போவது ஃபிட் அல்ல, ‘வீட்டில் அடிபட்டது’ என்று எழுதப்பட்ட அந்த ஒரு வரி. அப்படி எழுதியிருந்தால் இ.எஸ்.ஐ. கணக்கில் உங்கள் கணவர் நோயாளி. பணியில் காயமடைந்தவர் அல்ல. நோயாளிக்குக் கிடைப்பது ஊதியத்தில் 70 சதவீதம். அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான், அதற்கும் குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். பணிக்காயம் என்றால் டி.டி.பி. எனப்படும் தற்காலிக ஊன உதவித்தொகை 90 சதவீதம். மருத்துவர் சான்று தரும் காலம் முழுவதும் கிடைக்கும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டிருந்தாலும் உண்டு. நிரந்தர ஊனத்துக்கான மாதாந்தரத் தொகையும் பணிக்காயம் என்று ஏற்கப்பட்டவருக்கு மட்டுமே.

அந்தத் தொகை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எந்த விரல் எவ்வளவு போனால் வருவாய் ஈட்டும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் 9, நடுவிரலில் ஒரு கணு போனால் 7, ஆக 16 சதவீதம். நாள் ஊதியம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 90 சதவீதம் 450. அதில் 16 சதவீதம் 72 ரூபாய். மாதத்துக்கு இரண்டாயிரத்து நூறு ரூபாய்க்கு மேல், ஆயுள் முழுவதும். அவர் மறுபடி வேலைக்குப் போய் முழுச் சம்பளம் வாங்கினாலும் அது நிற்காது. மேற்பார்வையாளர் கொடுத்த பதினைந்தாயிரம் ஏழு மாதத் தொகைக்குச் சமம். ஆயுள் முழுவதும் வர வேண்டியதை ஏழு மாதத்தில் முடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

நாற்பது சதவீதம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுச் சலுகைகள் பலவற்றுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீத ஊனம் என்ற அளவுகோல் இருக்கிறது. அது உடல் ஊனத்தின் அளவு. மெடிக்கல் போர்டு, அதாவது இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு, பார்ப்பது வருவாய் ஈட்டும் திறன் இழப்பை. தரகர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். இரண்டு நுனிக்கணுக்களுக்கு அட்டவணையில் உள்ளதைக் காசு கொடுத்து நாற்பது ஆக்க முடியாது. குழு தானாகவே தரப்போகும் பதினாறைத் தன் முயற்சியால் வந்ததாகக் காட்டித் தரகர் பங்கு கேட்பார். குழுவின் முன் போவதற்குக் கட்டணமும் இல்லை, தரகரும் தேவையில்லை. வரப்போகும் தொகையில் பாதியைத் தருவதாக அவர் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது. ஏனென்றால் இந்த உரிமையை எவருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. வங்கிப் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் மட்டும் எவர் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

பொத்தானைக் கட்டி வைத்த விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் பெரும்பாலானவர்களை வாயடைக்கிறார்கள். பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினால் இழப்பீடு இல்லை என்ற விதி ஒன்று உண்மையிலேயே உண்டு, அது இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கான 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் உள்ளது, அங்கும் மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அது பொருந்தாது. 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமோ நேர் எதிராகச் சொல்கிறது: தொழிலாளி விதியையோ முதலாளியின் உத்தரவையோ மீறியிருந்தாலும், அந்தச் செயல் முதலாளியின் தொழிலுக்காகச் செய்யப்பட்டதாக இருந்தால் அது பணிக்காயம்தான். மணிக்கு இத்தனை உருப்படி அடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் ஒரு பொத்தானைக் கட்டி வைத்து ஓட்டினார் என்றால் அது ஆலையின் உற்பத்திக்காகச் செய்தது. தன் வீட்டுக்கு ஒரு தகட்டை வெட்டிக்கொள்ள ஓட்டியிருந்தால், அல்லது விளையாட்டுக்காகக் கையை விட்டிருந்தால், நிலைமை வேறு. உங்கள் கணவர் அன்று அடித்துக்கொண்டிருந்தது ஆலையின் உருப்படியா என்பதுதான் கேள்வி, பொத்தான் அல்ல. இந்த இரண்டு பழைய சட்டங்களுக்கும் பதிலாக 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருந்தாலும், மருந்தகத்திலும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலும் நீங்கள் கேட்கப்போவது இதே பழைய சொற்களைத்தான்.

ஒப்பந்தத் தொழிலாளி என்பதும் தடையல்ல. ஒப்பந்ததாரர் சந்தா கட்டாவிட்டால் ஆலையின் முதன்மை முதலாளி கட்ட வேண்டும். அது அவர்களுக்கிடையிலான வழக்கு.

இனிச் செய்ய வேண்டியது, விபத்து அறிக்கையைப் பதிவுக்குக் கொண்டுவருவது. படிவம் 12 என்பது அதுதான். விரல் துண்டான இதுபோன்ற காயத்துக்கு முதலாளி உடனே அனுப்பியிருக்க வேண்டியது. முதலாளி அனுப்பவில்லை என்று சொல்லிக் கிளை அலுவலகத்தில் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். காயப்பட்டவரை அலையவிட்டு, அனுப்பாதவரைக் கேள்வி கேட்காத இந்த வழக்கம் எத்தனை குடும்பங்களை வெறுங்கையோடு ஊருக்கு அனுப்பியிருக்கிறது! திரும்பிவிடாதீர்கள். விபத்தைத் தெரிவிக்கும் உரிமை தொழிலாளிக்கும் உண்டு; ஆலையில் வாய்மொழியாகச் சொன்னாலும் போதும், அவருக்காக இன்னொருவரும் சொல்லலாம். கிளை அலுவலகத்துக்கு நீங்கள் எழுதியே கொடுங்கள். நாள், நேரம், எந்த இயந்திரம், பக்கத்தில் யார் நின்றார்கள், மருத்துவமனையில் ஏன் வேறு மாதிரி சொல்ல நேர்ந்தது என்பதையெல்லாம் தமிழிலேயே எழுதி, கிளை மேலாளரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அன்று அவர் ஷிப்டில் இருந்ததற்கான வருகைப் பதிவு, மேற்பார்வையாளர் அலைபேசியில் அனுப்பிய செய்திகள், உடன் நின்றவரின் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவை அந்தப் பொய் வரிக்கு எதிரான சான்றுகள். மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகலையும் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் அனுமதிச் சீட்டில் ஒன்றும் பதிவேட்டில் இன்னொன்றும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன், அவசரப் பிரிவில் முதலில் பார்த்த மருத்துவர் காயத்தைப் பார்த்தே ‘இயந்திரத்தில் நசுங்கியது’ என்று எழுதியிருக்கக்கூடும். அப்படி இருந்தால் அந்தத் தாளை உங்கள் கடிதத்தோடு முதல் இணைப்பாக வையுங்கள்.

கடிதம் கொடுத்த பிறகு ஃபிட் சான்றை வாங்கிக்கொண்டு, மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்படி கிளை அலுவலகத்தில் உடனே விண்ணப்பியுங்கள். குழு சொல்லும் சதவீதம் அட்டவணையை விடக் குறைவாக இருந்தால் மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆகவே அந்த முடிவு எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது என்பதை அதன் மேலேயே குறித்து வையுங்கள்.