'ஏதென்ஸ் பள்ளி'யை ஆயிலில் நகலெடுப்பது: கேள்வி பதில்

இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1509–1511இல் வத்திக்கான் சுவரில் வரைந்த, வளைவுகள் நிறைந்த கூடத்தில் கிரேக்க அறிஞர்கள் கூடியிருக்கும் இந்தப் படத்தை நகலெடுத்து ஆயில் பெயிண்டிங் பழகுகிறவர்கள் கேட்டவை.

கே: அது சுவரோவியம் ஆயிற்றே, ஆயிலில் சரிப்படுமா சார்?

ப: தாராளமாக. ஜெர்மன் ஓவியர் ஆன்டன் ராஃபேல் மெங்ஸ் 1750களில் அதைத்தான் செய்தார். அந்த நகல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2க்கு 3 அடி கான்வாஸ் எடுங்கள், மூலத்தின் விகிதத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும்.

கே: உள்ளே போகப் போக வளைவுகள் கோணிக்கொள்கின்றன.

ப: வெறும் கையால் போடாதீர்கள். உள்நோக்கி ஓடும் கோடுகள் படத்தின் மையத்தில் நிற்கும் பிளேட்டோவுக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் நடுவே ஒரு புள்ளியில் கூடுகின்றன. அங்கே குண்டூசி குத்தி நூல் கட்டி, இழுத்துப் பிடித்துக் கோடு போடுங்கள். டச்சு ஓவியர் வெர்மீர் படங்களிலும் இப்படி ஊசித் துளைகள் இருக்கின்றன. நமக்கு நேர் எதிரே நிற்கும் வளைவு எவ்வளவு தள்ளிப் போனாலும் அரைவட்டம்தான். சிறுக்குமே தவிர நசுங்காது. காம்பஸ் போதும். கூடத்தின் நடு அச்சில் வரும் வளைவுகளின் மையங்கள் எல்லாம் ஒரே நூலில் விழுகின்றனவா என்று பாருங்கள். விழாத இடத்தில்தான் கோணல்.

கே: ஆட்களுக்கும் இதே கணக்கா?

ப: உயரத்துக்கு மட்டும். வலது ஓரத்தில் ஒருவர் உருண்டை வைத்திருக்கிறார் பாருங்கள். கணக்குப்படி ஓரத்தில் இருக்கும் உருண்டை நீள்வட்டமாக இழுபட வேண்டும். ரஃபேல் அதைச் சுத்தமான வட்டமாகவே விட்டுவிட்டார்! தலைகளையும் அப்படித்தான், கண்ணுக்குச் சரியாகப் பட்டால் போதும்.

கே: கட்டடத்தை முடித்துவிட்டு மேலே ஆட்களைச் சேர்க்கலாமா?

ப: ஓரிருவரைச் சேர்க்கலாம். முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பவர் மிலானில் உள்ள முன்வரைவில் இல்லை, பிறகு வந்தவர்தான். ஆனால் கூட்டத்தையே அப்படிப் போடாதீர்கள். ஆயில் வண்ணம் ஆண்டுகள் போகப் போகக் கொஞ்சம் ஊடுருவித் தெரியும். வேட்டிக்குள்ளிருந்து தரைக்கட்டம் எட்டிப் பார்க்கும் (சரி, அவர்கள் கட்டியிருப்பது வேட்டி இல்லை). முதலிலேயே உருவக் கோடு போட்டு, உள்ளே காலியாக விடுங்கள்.

கே: ஐவரி பிளாக் என்ற கறுப்பில் அடிவண்ணம் போட்டேன், காயவே இல்லை.

ப: அது மெதுவாகத்தான் காயும். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்புக்கு மாறுங்கள்; அதிலுள்ள மாங்கனீசு சீக்கிரம் உலர்த்தும். அடி அடுக்கில் வண்ணத்தை நீர்க்க வைக்கும் டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் போடுங்கள், மேல் அடுக்குகளில் போகப் போக எண்ணெய் கூட்டுங்கள். மாற்றிச் செய்தால் வெடிப்பு விடும்.

கே: பிரஷ் துடைத்த துணியை என்ன செய்வது?

ப: சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.