தொடர்ந்து பயணம், மாநாடு என்று ஓடும் போதகருக்கு நிஜமான நண்பர்கள் உண்டா?

கேள்வியில் இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. மாதக்கணக்கில் மாநாடு, கன்வென்ஷன், முகாம் என்று வெளியிலேயே இருக்கும் ஒரு போதகர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்பது ஒன்று. அந்த ஓட்டத்தில் கிடைக்கும் ஊழிய நட்புகளை நம்பலாமா என்பது இன்னொன்று. நான் இருபது வருடமாக ஒரு சிறிய சபையின் போதகர். ஊர் ஊராகப் பிரசங்கிக்கும் பெயர்பெற்ற செய்தியாளன் இல்லை. இருந்தாலும் வருடத்தில் இரண்டு மூன்று மாதம் எனக்கும் அந்த ஓட்டம் வந்துவிடும். என் அனுபவத்தில் முதல் கேள்விக்கான பதில் இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது.

போன முறை பத்து வாரத்தில் ஆறு பயணம். போதகர் மாநாடு இரண்டு, வாலிபர் முகாம் ஒன்று, ஒரு சபையின் ஆண்டு விழா, மூன்று நாள் கன்வென்ஷன் ஒன்று, கடைசியாக ஒரு நண்பரின் மகனை ஊழியத்துக்கு அர்ப்பணிக்கும் பிரதிஷ்டை ஆராதனை. இப்படி வரிசையாக எழுதினால் ஏதோ எழுப்புதல், அதாவது பெரிய ஆவிக்குரிய விழிப்பு, வந்ததுபோல் தெரியும். உண்மையில் பாதி நேரம் காத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காக, அறைச் சாவிக்காக, "இதோ வந்துவிடுவார்" என்று சொல்லப்பட்ட யாரோ ஒருவருக்காக. இளைப்பாறுதலைப் பற்றிய செய்தியை இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து தயாரித்தேன். சிரிக்கலாம், பிறகு நானும் சிரித்தேன்.

உடல் களைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். என்னைப் பயமுறுத்தியது வேறு. ஒரே செய்தியை நான்கு இடத்தில் கொடுத்தேன். அதில் என் தகப்பனாரின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு பகுதி வரும். முதல் இடத்தில் அதைச் சொல்லும்போது நிஜமாகவே குரல் உடைந்தது. நான்காவது இடத்தில், அந்த வரி வருவதற்கு முன்பே தொண்டை தழுதழுக்கத் தயாராக இருந்தது. கேட்டவர்கள் அழுதார்கள். கூட்டம் முடிந்ததும் பலர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளே கூசியது. அதைக் கவனித்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. நான்கு இடத்திலும் இருந்தவன் நான் ஒருவன்தானே.

போகிற இடமெல்லாம் விருந்தாளியாகவே இருப்பதில் உள்ள சிக்கல் அது. அறிமுகப்படுத்துகிறவர் என்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறார். அந்தக் குறிப்பை எழுதி அனுப்பியதே நான்தான்.

அந்தப் பத்து வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான்காவது பயணத்தில், ஒரு மதிய நேரம், எங்கள் சபை மூப்பர் அழைத்தார். சபையின் மூத்த அம்மா ஒருவர், வருடக்கணக்கில் ஒரு நாள் தவறாமல் என் பெயரைச் சொல்லி ஜெபித்தவர், கடைசி நேரத்தில் இருக்கிறார் என்றார். மாலையில் எனக்கு ஒரு வகுப்பு இருந்தது. "நாளைக் காலையில் கிளம்பி வந்துவிடுகிறேன்" என்றேன். அவர் அன்று இரவே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நான் எடுத்த வகுப்பு எதைப் பற்றித் தெரியுமா? சபைக் கணக்குகளை ஒழுங்காகத் தணிக்கை செய்வதைப் பற்றி. தள்ளிப்போட்டிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்திருக்காது.

அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். கல்லறைத் தோட்டத்தில் அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை பாஸ்டர், மூப்பர் ஐயா ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தாரு. அம்மா நிம்மதியாத்தான் போனாங்க" என்றார். அது ஆறுதலாகவும் இருந்தது, குத்தவும் செய்தது. வேதாகமத்தில் உன்னதப்பாட்டு முதல் அதிகாரத்தில் ஒரு வரி உண்டு: "என் சொந்தத் திராட்சத்தோட்டத்தையோ நான் காக்கவில்லை." மற்ற போதகர்களுக்கு அந்த வசனத்தை வைத்து நான் செய்தி கொடுத்திருக்கிறேன்.

குத்தியதை அப்படியே வைத்துவிட்டு ஆறுதலைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் உண்மை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ராபர்ட் மரே மெக்செயின் என்ற இளம் போதகர் இருந்தார். 1839இல் அவருடைய திருச்சபை, யூதர்களின் நிலையை நேரில் பார்த்துவர அவரையும் வேறு சிலரையும் பாலஸ்தீனாவுக்கு அனுப்பியது. பல மாதப் பயணம். அவருடைய இடத்தில் வில்லியம் சால்மர்ஸ் பர்ன்ஸ் என்ற 24 வயது இளைஞர் பிரசங்கித்தார். மெக்செயின் ஜெபித்துக் காத்திருந்த எழுப்புதல், அவர் ஊரில் இல்லாத அந்த ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. அவர் திரும்பி வந்து சந்தோஷப்பட்டார். புறப்படுவதற்கு முன்பே, என்னைவிட ஆயிரம் மடங்கு நீங்கள் அவர்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கவேண்டும் என்று பர்ன்ஸுக்கு எழுதியவர் அவர். அந்த மனது எனக்கு இன்னும் வரவில்லை. மூப்பர் நன்றாகச் செய்தார் என்று கேட்டபோது முதலில் வந்தது நன்றி இல்லை, ஒரு சின்னப் புகைச்சல். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்டது நீங்கள்.

சரி, நட்புக்கு வருகிறேன்.

ஊழிய நட்புகளில் பாதி கொடுக்கல் வாங்கல். நீ என்னை உன் கன்வென்ஷனுக்குக் கூப்பிடு, நான் உன்னை என் ஆண்டு விழாவுக்குக் கூப்பிடுகிறேன். தப்பென்று சொல்லமாட்டேன், அப்படியும் வேலைகள் நடக்கின்றன. ஆனால் ஒரு வருடம் நம்மால் அவர்களைக் கூப்பிட முடியவில்லை என்றால் அந்த நட்பின் ஆயுள் தெரிந்துவிடும். மேடையில் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நட்பும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குக் கிடைத்த ஒரு நல்ல நண்பரை நான் சந்தித்தது ஒரு போதகர் மாநாட்டில்தான். மாநாட்டு அரங்கில் இல்லை. தூக்கம் வராமல் விடுதியின் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன், அவரும் வந்து உட்கார்ந்தார். போதகர்கள் சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வி, "உங்க சபையில எத்தனை பேர்?" என்பதுதான். அவர், "போன வருஷம் உங்க சபையை விட்டு எத்தனை பேர் போனாங்க, பாஸ்டர்?" என்று கேட்டார். இருபது வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பதினேழு பேர் என்றேன். பெயர்களோடு சொன்னேன். அப்புறம் அவர் தன் கணக்கைச் சொன்னார். விடியும் வரை பேசினோம். மறுநாள் காலை வகுப்பில் இருவரும் தூங்கிவிட்டோம்.

இன்று அவர்தான் எனக்கு அழைத்து, "வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்கிறவர். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால் "கர்த்தருடைய கிருபை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். தகப்பனார் கதையை நான்கு தடவை சொன்னதை அவரிடம்தான் சொன்னேன். "ஒரு வருஷம் அதைத் தொடாதீங்க" என்றார், அவ்வளவுதான். தொடவில்லை.

அப்போஸ்தலனாகிய பவுலுக்கும் இப்படி ஒருவர் தேவைப்பட்டார் என்பது 2 கொரிந்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் துரோவா பட்டணத்துக்குச் சுவிசேஷம் சொல்ல வருகிறார். கதவும் திறந்திருக்கிறது. ஆனால் தன் உடன் ஊழியர் தீத்துவைக் காணாததால் அவருடைய ஆவிக்கு அமைதலில்லை. எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டு மக்கெதோனியாவுக்குப் போய்விடுகிறார். இன்றைய மாநாட்டு அமைப்பாளர் யாரும் இதை மன்னிக்கமாட்டார்கள்! ஏழாம் அதிகாரத்தில் தீத்து வந்து சேர்கிறார், தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்று பவுல் எழுதுகிறார். கவனித்தால் இது வெறும் நண்பனைத் தேடும் ஏக்கம் மட்டும் இல்லை. கொரிந்து சபை பவுலின் கடிதத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்ற தகவல் தீத்துவிடம்தான் இருந்தது. விட்டுவந்த சபையின் பாரமும் நண்பனின் முகமும் பவுலுக்கு ஒரே ஆளில் வந்துசேர்ந்தன.

அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி. பவுல் கைதியாக ரோமாபுரியை நோக்கி வருகிறார். அங்கிருந்த சகோதரர்கள் சிலர் அப்பியுபுரம் வரைக்கும், சிலர் மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வருகிறார்கள். அப்பியுபுரம் ரோமிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர், மூன்று சத்திரம் 50 கிலோமீட்டர். நடந்து வந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்ததும் பவுல் தைரியமடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரஹாம் 1948இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தபோது, தன்னோடு பயணம் செய்த மூன்று பேரிடம், சுவிசேஷகர்கள் எதில் விழுகிறார்கள் என்று தனித்தனியாக எழுதிவரச் சொன்னார். எழுதியவை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பணம், ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைக் குறைசொல்வது, கூட்ட எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது. இந்த நாலாவதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முந்நூறு நாற்காலி போட்ட கூட்டத்துக்கு "ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்" என்று அறிக்கை எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு நண்பர் இருந்திருந்தால் நாற்காலிகளை எண்ணியிருப்பார்.

நண்பர்கள் சரி, வீடு என்ன ஆவது? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையை எல்லா ஊழியக்காரரும் ஒருமுறை படிக்கவேண்டும். வாழ்நாளில் 2,50,000 மைல் பயணம், 40,000 செய்திகள் என்று கணக்கிடுகிறார்கள். திருமணமானதற்காக ஒரு பிரசங்கியார் ஒரு செய்தியையோ ஒரு நாள் பயணத்தையோ குறைப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று, திருமணமான அதே 1751இல் எழுதினார். சொன்னபடியே செய்தார். 1781இல் பிரிந்திருந்த மனைவி இறந்தபோது, அடக்கம் முடிந்து ஓரிரு நாள் கழித்துத்தான் அவருக்குத் தகவல் தெரிந்தது. அந்தத் திருமணம் கெட்டதற்குப் பயணம் மட்டும் காரணமில்லை, அது வேறு கதை. ஆனாலும் மேடைகளில் நாங்கள் மைல் கணக்கைச் சொல்லுகிறோம், மற்றதை விட்டுவிடுகிறோம்.

ஆறாவது பயணம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் மனைவி ஒன்று சொன்னார். "நீங்க வீட்டுக்கும் செய்தியாளராத்தான் வர்றீங்க. பையை வைக்கிறீங்க, நல்லாப் பேசுறீங்க, கிளம்பிடுறீங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இப்போது என் நாட்குறிப்பு என் கையில் இல்லை. அழைப்பு வந்தால் உடனே பதில் சொல்வதில்லை. மனைவியும் இரண்டு மூப்பர்களும் பார்த்த பிறகுதான். "ஜெபித்துச் சொல்கிறேன்" என்று முன்பு சொல்வது ஒரு மரியாதைக்காக. இப்போது நிஜமாகவே மூன்று நாள் ஆகிறது. மூப்பர்கள் பல அழைப்புகளுக்கு வேண்டாம் என்கிறார்கள், சில சமயம் நான் மிகவும் ஆசைப்பட்டவற்றுக்கே. தொடர்ந்து இரண்டு ஞாயிறு சபையை விட்டு இருப்பதில்லை. பயணத்துக்கு மறுநாள் எதையும் வைத்துக்கொள்வதில்லை. களைத்துப்போய்ச் சூரைச்செடியின்கீழ் படுத்திருந்த எலியா தீர்க்கதரிசியிடம் தூதன் கேள்வி எதுவும் கேட்கவில்லையே. இரண்டு முறை சாப்பிட வைத்தான், நடுவில் தூங்க விட்டான்.

தனியாகவும் போவதில்லை. இயேசு பன்னிருவரை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார், இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருடம் ஆனது. சபையின் வாலிபர்களில் ஒருவரை அழைத்துப்போகிறேன். போன தடவை வந்த தம்பி திரும்பும் வழியில், "பாஸ்டர், நம்ம சபையில பேசுறப்போ நீங்க இவ்வளவு சத்தம் போடமாட்டீங்களே" என்றான். வண்டியில் அரை மணி நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறையும் அவனையே கூட்டிப்போவதாக இருக்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு பயணம் இருக்கிறது. அந்தத் தாழ்வாரத்து நண்பருக்கு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் சபையில் அவருடைய உதவிப் போதகர் பேசுகிறார், நான் பின்வரிசையில் உட்காரப் போகிறேன். மனைவியும் வருகிறார். செய்திக் குறிப்பு நோட்டைப் பையில் வைக்கக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டார்.