பழைய காமிக்ஸ்: கவர் முதல் பார்சல் வரை – கேள்வி பதில்

1972-ல் இரும்புக்கை மாயாவியோடு வந்தது முத்து காமிக்ஸ். 1984-ல் லயனும் ராணியும். நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சான அந்தக் கால இதழ்கள்தான் இன்று சேகரிப்பாளர்களிடையே அதிகம் கைமாறுகின்றன. சீக்கிரம் பாழாவதும் அவைதான். வந்த கேள்விகளும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியே.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கவர் போதுமா சார்?

எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும். மெத்தென்று வளைந்து, பிரித்ததும் வாசனை அடித்தால் அது பிவிசி. அதை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் நாளாக ஆகக் கசிந்து அட்டையோடு ஒட்டும். உருவும்போது மை கவரோடு போய்விடும். ரெடிமேட் சட்டை வைத்துத் தரும் சரசரக்கும் கவர் பிபி (பாலிப்ரொப்பிலீன்), அதை வாங்குங்கள். 50 மைக்ரான் தடிமன் இருக்கட்டும். விலை உயர்ந்த இதழ் நாலைந்து இருந்தால் அவற்றுக்கு மட்டும் மைலார் எனும் பாலியஸ்டர் கவர்.

அளவை இதழை வைத்தே எடுங்கள்: அகலத்தோடு 6 முதல் 8 மி.மீ., உயரத்தோடு மடிக்க 4 செ.மீ. இறுக்கமான கவரில் நுழைக்கும்போதே மூலை மடங்கும். தொளதொளவென்று இருந்தால் இதழ் உள்ளே ஆடி ஓரம் தேயும்.

ஒட்டும் பட்டை வைத்த கவர்தான் பெரிய வில்லன். பட்டை மூடியில் இருப்பதால், இதழை உருவும்போது அட்டையில் பட்டு, மேல் தோலை ஒரு கீற்றாக உரித்துவிடும். பட்டையை வெட்டிவிட்டு மூடியைப் பின்பக்கம் மடித்துச் சொருகுங்கள். பிபி கவர் அலை அலையாகச் சுருங்கினாலோ மங்கினாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது; 5 முதல் 7 வருடம் தாங்கும்.

கவருக்குள் இதழின் பின்னால் வைக்கும் அட்டைக்கு ஸ்வீட் பாக்ஸ் அட்டையை வெட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல் நிறம் உள்ள டியூப்ளெக்ஸ் போர்டு கழிவுக் காகிதத்தில் செய்தது, அமிலம் உள்ளது. இரண்டு மூன்று வருடத்தில் இதழின் பின்னட்டையில் பழுப்பு ஏறும். அமிலமில்லாத போர்டு என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகம் என்றால் அமிலம் காட்டும் பிஎச் பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள்: ஊதாவானால் நல்லது, மஞ்சளாகவே நின்றால் அமிலம். இந்தச் சோதனை போர்டுக்கு மட்டும், இதழில் கோடு போட்டுவிடாதீர்கள்.

சென்னையில் இருக்கிறேன் அண்ணே. பீரோவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டும் பூஞ்சை வருகிறது.

பீரோ காற்றுப்புகாத பெட்டி இல்லை. கதவிடுக்கு வழியாக வரும் ஈரத்தை ஜெல் ஓரிரு நாளில் குடித்து முடித்துவிடும், அதன் பிறகு அது வெறும் மணிதான். ரப்பர் விளிம்பு வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறுங்கள். 30 லிட்டர் பெட்டிக்கு 200 கிராம் ஆரஞ்சு நிற ஜெல், துணிப்பையில். பச்சையானதும் 110–120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உழைக்கும். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி வையுங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

பலரும் தவறவிடுவது ஒன்று. காகிதம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மழை நாளில் கவர் போட்டு மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்தே அடைக்கிறீர்கள். ஏசி அறையில் ஓர் இரவு விரித்து வைத்துவிட்டுக் கவர் போடுங்கள். பெட்டியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்தி வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதற்காகப் பரணில் ஏற்றிவிடவும் கூடாது. மொட்டைமாடிச் சூடு தாளை நொறுக்கிவிடும்.

பூச்சிக்கு அந்துருண்டை போடலாமா? வசம்பு போதுமா?

அந்துருண்டை வாசனை தாளில் ஏறினால் மாதக்கணக்கில் போகாது, வாங்குபவரும் முகம் சுளிப்பார். வசம்பு நல்லதுதான்: தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் இடித்துத் துணியில் கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. அது பூச்சியை விலக்கி வைக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது. பழைய புத்தகக் கடையிலிருந்து வந்த கட்டை ஜிப் கவரில் காற்றை நீக்கி அடைத்து, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கக் கவரைப் பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டால் அட்டையெல்லாம் வியர்த்துவிடும்.

நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா?

போர்டு வைத்தது நிற்கலாம், சாயாமல். போர்டு இல்லாததைப் படுக்கவைத்து 15 செ.மீ. உயரத்தோடு நிறுத்துங்கள்.

ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறது. அட்டையிலும் சின்னக் கிழிசல். சரி செய்து விற்கலாமா?

செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் கசிந்து, அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். கிழிசலோடு விற்றால் கிடைப்பதைவிட டேப்போடு விற்றால் குறைவாகத்தான் கிடைக்கும். ஒட்ட வேண்டிய அவசியம் இருந்தால் ஜப்பானியத் திசுத்தாளும் மாவுப் பசையும். அதைத் தண்ணீரில் நனைத்துப் பிரித்துவிடலாம். பின் துரு மேலாக இருந்தால் தொடவே வேண்டாம். தாளைத் தின்ன ஆரம்பித்திருந்தால் மட்டும் கால்களை நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக மெல்ல எடுங்கள். எது செய்தாலும் விற்கும்போது சொல்லிவிட வேண்டும். லேமினேஷன் பற்றிக் கேட்டவருக்கும் இதுவே பதில்: பிரிக்க முடியாத எதையும் செய்யாதீர்கள்.

பத்து இதழ் சேர்த்துப் பைண்ட் செய்த தொகுப்பு வந்தது. பிரித்துத் தனித்தனியாக விற்கலாமா?

பைண்டர் மூன்று பக்கமும் கத்தி போட்டிருப்பார். அந்த மில்லிமீட்டர்கள் திரும்ப வராது. பிரித்தால் முதுகில் தையல் ஓட்டை வேறு. தொகுப்பாகவே விற்பது நேர்மை, பெரும்பாலும் லாபமும் அதுதான்.

‘நல்ல கண்டிஷன்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள், வந்து பார்த்தால் நடுப்பக்கம் இல்லை.

அமெரிக்கச் சந்தையில் 10 புள்ளி அளவுகோல் இருக்கிறது. நம்மிடம் ‘நல்ல கண்டிஷன்’ என்றால் ஆளுக்கு ஓர் அர்த்தம். ஆறு படம் கேளுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, முதுகு, விலை அச்சான இடம், நடுப்பக்கப் பின், கடைசிப் பக்கம். பின் அடித்த இதழில் முன்பாதியில் ஒரு தாள் போயிருந்தால் பின்பாதியில் அதன் ஜோடித் தாள் பிடிமானமின்றி ஆடும். அதை வீடியோவில் புரட்டிக் காட்டச் சொன்னால் போதும். கூப்பன் வெட்டிய பக்கம், நிரப்பிய குறுக்கெழுத்து, இவற்றையும் கேளுங்கள்.

மறுபதிப்பை முதல் பதிப்பென்று தள்ளுவதும் நடக்கிறது. அட்டை விலையே பாதி கதையைச் சொல்லும். கலர் ஜெராக்ஸ் அட்டை என்று சந்தேகம் வந்தால் 10 மடங்கு லென்ஸ் எடுங்கள். ஆஃப்செட்டில் அச்சான அட்டையில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரியும். லேசர் நகலில் டோனர் தாளின் மேல் பளபளப்பாக உட்கார்ந்திருக்கும், மடிப்பில் செதிலாக உதிரும்.

பார்சல் எப்படிக் கட்டுவது?

கவரில் போட்ட இதழை இரண்டு அட்டைப்பெட்டித் துண்டுகளுக்கு நடுவில் வையுங்கள். துண்டுகள் ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. பெரிதாக இருக்கட்டும், அடி விழுந்தால் அந்தத் துண்டின் மூலைதான் வாங்கிக்கொள்ளும். ஒன்றின் நெளிவு நெடுக்காக, மற்றதன் நெளிவு குறுக்காக வந்தால் எந்தப் பக்கமும் மடங்காது. இதழ் நழுவாமல் கவரை ஒரு துண்டோடு மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். டேப் நுனியைக் கொஞ்சம் மடித்துவிட்டால் பிரிப்பவர் கத்தி எடுக்க மாட்டார். மேலே ஒரு பாலித்தீன், அதன் மேல் பழுப்புத் தாள். சணலும் ரப்பர் பேண்டும் ஓரத்தில் பள்ளம் போடும். உள்ளேயும் ஒரு சீட்டில் முகவரி எழுதி வையுங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஆகவே டிராக்கிங் எண்ணை அன்றே அனுப்பிவிடுங்கள்.

பண்டமாற்றில் யார் முதலில் அனுப்புவது?

புதியவர் முதலில், பலருக்குத் தெரிந்தவர் பிறகு. இருவரும் புதியவர் என்றால் ஒரே நாளில் அனுப்பி ரசீதுப் படத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தபால் செலவு யாருடையது, வழியில் சேதமானால் என்ன என்பதை அனுப்பும் முன் எழுத்தில் பேசி முடியுங்கள். மதிப்பு போட, விற்றுப்போன விலையைப் பாருங்கள். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

பழைய சொந்தக்காரர் பெயர் எழுதியிருக்கிறது, அழிக்கலாமா?

பென்சில் என்றால் மென்மையான ரப்பரால் ஒரே திசையில். பால்பாயிண்ட் என்றால் விட்டுவிடுங்கள். அந்தத் தாளில் தேய்த்த இடம்தான் பெயரைவிடப் பளிச்சென்று தெரியும்.