இரண்டு கட்டைவிரல்கள்

வணக்கம். வீடியோ கேம் துறையால் இனிமேல் புது ஆட்களை இழுக்க முடியுமா? அம்மாவிடம் ஒரு ஓப்பன் வேர்ல்டு கேமை, அதாவது பெரிய உலகில் இஷ்டப்படி சுற்றும் கேமைக் கொடுத்தேன். திணறினார். கன்ட்ரோலரை நானே கையில் வாங்கி ஆடிக் காட்டியும் பத்து நிமிடத்தில் வைத்துவிட்டார். அவருக்கு ஆர்வமில்லை. நல்ல கதை இருந்தால் வருவார்களா? மொபைல் கேம்களே போதுமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஆர்வமில்லை என்று நீங்களாக எப்படி முடிவுகட்டினீர்கள்? ஆர்வமில்லாதவர் பத்து நிமிடம் மல்லுக்கட்டியிருக்க மாட்டார். கதையும் மொபைலும் கிடக்கட்டும். அம்மாவின் கட்டைவிரல்களைக் கவனித்தீர்களா?

கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் இரண்டு சிறு குச்சிகள் உண்டு. இடது ஸ்டிக் நடக்க, வலது ஸ்டிக் பார்க்க. புதிதாக வருபவர் நடந்தால் பார்க்க மறப்பார், பார்த்தால் நின்றுவிடுவார். சுவரில் முட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். பதற்றத்தில் பிடி இறுகும். ஸ்டிக்கை அமுக்கினால் அதுவும் ஒரு பட்டன். பல கேம்களில் ஓட்டமோ பதுங்கலோ தொடங்கிவிடும். எதை அமுக்கினோம் என்று குனிந்து தேடுவதற்குள் திரையில் அடி விழும். இத்தனையையும் நாலு வரி எழுதிக் காட்டிப் 'பயிற்சி' என்கிறது துறை. அநியாயம் இது.

2006இல் வந்த நின்டெண்டோ வீ என்ற கேம் கருவி இந்தச் சுவரைத்தான் உடைத்தது. அதன் வீ ஸ்போர்ட்ஸ் கேமில் பந்தை உருட்டும் பௌலிங்கில், கையிலுள்ள ரிமோட்டின் பி பட்டனை அழுத்தியபடி கையைப் பின்னால் கொண்டுபோய் வீச வேண்டும், முன்னால் வந்ததும் பட்டனை விட வேண்டும். அவ்வளவுதான். கை அதை நிஜப் பந்தென்றே நம்பியது. பட்டனுக்குப் பதில் ரிமோட்டையே விட்டவர்கள் உண்டு. மணிக்கட்டுக் கயிறு அறுந்தது. 0.6 மில்லிமீட்டர் கயிற்றை அந்த டிசம்பரிலேயே 1 மில்லிமீட்டராகத் தடிப்பாக்கினார்கள். வீ 10 கோடிக்கு மேல் விற்றது. அதற்கு அடுத்து 2012இல் வந்த வீ யூவின் கன்ட்ரோலரான கேம்பேடில் மறுபடியும் இரண்டு ஸ்டிக், விற்பனை 1.36 கோடியைக்கூட எட்டாமல் நின்றது. வீயா, வீ யூவா என்ற பெயர்க் குழப்பம் என்பார்கள், அதுவும் உண்டுதான். ஆனால் பௌலிங் ஆடியவர்களுக்கு அடுத்த படியை யார் கட்டிக்கொடுத்தார்கள்?

வீட்டில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவி இருந்தால் மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற வண்டிப் பந்தய கேமைப் போடுங்கள். வேகம் குறைந்த 50சிசி பிரிவு. ஸ்மார்ட் ஸ்டியரிங், ஆட்டோ ஆக்ஸிலரேட் இரண்டும் ஆனில் இருக்கட்டும். வண்டி தானே ஓடும், ஓரத்தில் போய் விழாது. அம்மாவுக்கு ஒரே ஸ்டிக் போதும். வளைவில் சிரிக்கத் தொடங்கிய பிறகு ஆட்டோ ஆக்ஸிலரேட்டை அணையுங்கள். குனியாமலே ஆக்ஸிலரேட்டர் பட்டன் விரலுக்குக் கிடைக்கும்வரை ஸ்மார்ட் ஸ்டியரிங்கை அணைக்காதீர்கள். கடைசி இடத்தில் வந்தாலும் வரட்டும், கன்ட்ரோலரை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.